பழைய கணினிக்கு ஏற்ற வருமான வரி மென்பொருள் எது?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் நான். ஓய்வூதியமும் வைப்புநிதி வட்டியும்தான் என் வருமானம். சென்ற நிதியாண்டில் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் சிலவற்றையும் விற்றேன். இதுவரை ஆடிட்டர் மூலம் ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். இனி நானே செய்ய எண்ணி லாமிங்டன் ரோடு கடையொன்றில் விசாரித்தபோது, வரி மென்பொருள் ஒன்றையும், என் விண்டோஸ் 7 கணினி (4 ஜி.பி. ரேம்) அதற்கு ஈடுகொடுக்காது என்பதால் புதிய கணினி ஒன்றையும் வாங்கச் சொன்னார்கள். எதை வாங்கலாம்?

பதில்: மென்பொருள் வாங்கவே வேண்டாம். விலைக்குக் கிடைக்கும் வரி மென்பொருள்களில் பல, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கையாளும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கானவை. படிவங்கள் ஆண்டுதோறும் மாறுவதால் அவற்றை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரே ஒரு ரிட்டர்னுக்கு இந்தச் செலவு வீண்.

வருமான வரித் துறையின் தளத்தில் பிரவுசர் வழியாகவே படிவத்தை நிரப்பி, கட்டணமின்றித் தாக்கல் செய்யலாம். ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் என்றால் ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய படிவம் போதும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானம்) முதல், பங்குசார் ஃபண்டுகளில் கிடைத்த நீண்டகால மூலதன ஆதாயம் 1.25 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, முந்தைய நட்டத்தை எடுத்துச்செல்லும் தேவையும் இல்லையென்றால், அதையும் இந்தப் படிவத்திலேயே காட்டலாம். வாங்கிய ஓராண்டுக்குள் விற்றிருந்தாலோ, விற்றவை கடன்பத்திர ஃபண்டுகளாக இருந்தாலோ ஐ.டி.ஆர்.-2 தேவை, அதுவும் அதே தளத்தில் இலவசம்தான்.

தளம் முன்கூட்டியே நிரப்பித் தரும் தொகைகளை அப்படியே ஏற்றுவிடாமல், ஃபார்ம் 16 (ஓய்வூதியத்தில் பிடித்த வரிக்கான சான்று), வருடாந்திரத் தகவல் அறிக்கை, வங்கிச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் வைப்புநிதியில், கைக்கு வராத வட்டிக்கும் வங்கி ஆண்டுதோறும் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து அதைத் துறைக்குத் தெரிவித்துவிடும். வங்கியில் இருந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொந்தக் கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வட்டிதான்.

இனி கணினி. துறை தரும் ஆஃப்லைன் யூடிலிட்டியை (கணினியிலேயே படிவத்தை நிரப்ப உதவும் மென்பொருளை) தரவிறக்கியும் படிவத்தை நிரப்பலாம். அதன் எக்செல் வடிவம் மேக்ரோக்கள் எனும் தானியங்கிக் கட்டளைகளைக் கொண்டு இயங்குவதால் மைக்ரோசாஃப்ட் எக்செல் தேவைப்படும். இலவச ஆபீஸ் மென்பொருள்களை நம்பி அதில் இறங்க வேண்டாம். உங்கள் கணினியின் உண்மையான குறை அதன் வேகம் அல்ல. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. பான், ஆதார், வங்கிக் கணக்கு எண் அனைத்தும் கடந்துசெல்லும் வேலையை அத்தகைய கணினியில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காகப் புதிய கணினியும் வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்களின் மடிக்கணினியை ஒரு மாலைப் பொழுதுக்கு வாங்கிக்கொண்டால் இந்த ஆண்டு வேலை முடிந்துவிடும். உங்கள் கணினியையே பயன்படுத்த விரும்பினால், கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்துவிட்டு, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவச் சொல்லுங்கள். அது இலவசம், 4 ஜி.பி. நினைவகத்தில் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பும் புதிய ஃபயர்ஃபாக்ஸும் இந்த வேலைக்குப் போதுமான அளவு இயங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தினால் வேறுபாடு நன்றாகவே தெரியும். லாமிங்டன் ரோட்டில் செலவு செய்துதான் ஆக வேண்டுமென்றால் அதற்குச் செய்யுங்கள்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். தவறினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்பட்டு, கெடு கடந்திருந்தால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் விழும். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அது 1,000 ரூபாய்.