கொல்லைப்புறம் (வாசகர் கேள்வி–பதில்): வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால்…

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழையில் போன செடிகளைப் பற்றித்தான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, புரட்டாசிக் கடைசியில் கொல்லையில் பத்துக் கத்தரி நாற்று நட்டேன். நன்றாகத் தளிர்த்து வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வொன்றாக வாட ஆரம்பித்தது. காலை மாலை தண்ணீர் ஊற்றினேன், டிஏபி உரம்கூட ஒரு பிடி வைத்தேன். இப்போது இரண்டுதான் மிச்சம். உன் கை ராசியில்லாத கை என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தச் செடிகள் தாகத்தில் வாடவில்லை, மூச்சு முட்டி வாடியிருக்கின்றன. வேருக்கும் காற்று வேண்டும். களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் இருக்கிற காற்று போய்விடும், வேர் அழுக ஆரம்பிக்கும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் நிற்கும்போதே இலை தொங்குவது அதனால்தான். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம்.

நானும் ஊற்றியிருக்கிறேன். 2021 நவம்பர் மழையில் என் கத்தரிப் பாத்தி முழுக்கத் தலை தொங்கியது. வெயில் அடித்த அன்று பரிதாபப்பட்டுத் தண்ணீர் விட்டேன். மறுநாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. சாக்கடை வாடை. அன்றிலிருந்து வாடின செடியைக் கண்டால் குடத்தைத் தொடுவதற்கு முன்னால் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது கணு வரை ஈரம் இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்து, சுற்றிலும் சம்பா நட்டுவிட்டால், கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடுகிறது அல்லவா? உங்கள் கத்தரி வேருக்குக் கீழேயும் அதே தண்ணீர்தான் நிற்கிறது. மேலே மழை, கீழே ஊற்று. அதனால் டெல்டாவில் காய்கறி போடுகிறவர்கள் உரத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் மேட்டுக்குச் செலவழிக்க வேண்டும். ஆனி மாதத்திலேயே ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள். களிமண்ணோடு மக்கின சாணி எரு, ரைஸ் மில்லில் கிடைக்கிற கருக்கின உமி, வைக்கோல் குப்பை எல்லாம் கலந்தால் மண் பொலபொலவென்று ஆகும். வெறும் மணலை மட்டும் கொட்டாதீர்கள், காய்ந்தால் கல்லாக இறுகிவிடும்.

மிச்சம் இருக்கிற இரண்டு செடிக்கு: சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். மேல் மண்ணை லேசாகக் கிளறி, ஈரம் குறைந்ததும் தண்டில் மண் அணையுங்கள். டிஏபி வேண்டவே வேண்டாம், நோயாளிக்கு விருந்து வைப்பது போல அது.

செத்த செடி ஒன்றின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி பிடித்தும் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது. அந்த இடத்தில் சில வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம். சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டின கத்தரி நாற்று இப்போது கிடைக்கிறது. சுண்டை வேர் இந்த நோயைத் தாங்கும்.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று பந்தல் அவரை ஊன்றினேன். பந்தல் கொள்ளாத கொடி, ஆனால் ஐப்பசி முடிகிறது, ஒரு பூ இல்லை. உரம் பற்றவில்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: தயவுசெய்து ஒன்றும் போட்டுவிடாதீர்கள். கொடி இவ்வளவு செழித்திருக்கும்போது மேலும் எரு வைத்தால் இலைதான் பெருகும். நம் நாட்டுப் பந்தல் அவரை இரவு நீளுவதற்காகக் காத்திருக்கிற செடி. நம் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அவரைக்கொடி கண்டுபிடித்துவிடுகிறது! எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான். சித்திரையில் போட்டாலும் சரி, ஆடியில் போட்டாலும் சரி, கார்த்திகை வாக்கில்தான் பூக்கும். எங்கள் வீட்டில் பந்தலின் ஒரு மூலை தெருவிளக்குக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த மூலை மட்டும் ஒவ்வொரு வருஷமும் பிந்தித்தான் பூக்கிறது. உங்கள் பந்தல் பக்கம் ராத்திரி முழுக்க பல்பு எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

சீக்கிரம் காய் வேண்டுமென்றால் குத்தவரை (பந்தல் வேண்டாத செடி அவரை) போடலாம், அது பகல் இரவு பார்ப்பதில்லை. ஆனால் பந்தல் அவரையின் அந்த வாசம் அதில் வராது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

பூ வந்ததும் பனியோடு அசுவினிப் பூச்சி வரும். பூங்கொத்தின் காம்பில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, சாயங்காலத்தில் தெளியுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு தென்பட்டால் தெளிக்காமல் நாலு நாள் பொறுங்கள். அசுவினிதான் அதன் சாப்பாடு.

கேள்வி: மாடியில் பீர்க்கும் சுரையும் வைத்திருக்கிறேன். பிஞ்சு விரல் அளவு வந்து மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மகரந்தம் சேரவில்லை. இரண்டும் சாயங்காலத்தில் பூப்பவை. அந்த நேரத்துக்கு மாடிக்கு வண்டும் அந்துப்பூச்சியும் வருவதில்லை. ஆறு ஆறரை மணிக்கு மேலே போங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, அதன் நடுவில் இருக்கிற மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு கீழ்நோக்கி வளைந்து பெருக்க ஆரம்பித்தால் காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிஞ்சில் ஊசி குத்தின மாதிரி புள்ளியும் அதில் பிசினும் இருந்தால் அது பழ ஈ. அந்தக் காயைக் குப்பைக்குழியில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. என்னதான் விளையும்?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: கொத்தவரை உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. நாற்றுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள், இளஞ்செடிதான் உப்புக்குப் பயப்படும். பாத்தியை வைக்கோலால் மூடினால் உப்பு மேலே பூப்பதும் குறையும்.

கேள்வி: "பை, மண், விதை என்று செலவழித்ததற்கு மார்க்கெட்டிலேயே வாங்கியிருக்கலாம்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதல் வருஷக் கணக்கில் அவர் சொல்வது சரி, மறைக்க வேண்டாம். நானும் ஒருமுறை கடையில் வாங்கின வெண்டை விதை ஒன்றுகூட முளைக்காமல், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தேதி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். கேரட், கோஸ், வெங்காயமெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். கீரை, கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, முருங்கை, ஒரு பந்தல் கொடி, இவை போட்ட காசை எடுத்துக் கொடுக்கும்.

ஆனால் உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் மன்னார்குடிப் பக்கம் கரண்ட் இல்லை, கடை இல்லை, சாலை முழுக்க மரம். எங்கள் முருங்கை வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த மரத்துக் கீரையும், திண்ணையில் அடுக்கி வைத்திருந்த பரங்கிக்காயும்தான் தெருவில் ஆறு வீட்டுக்குக் குழம்பாயிற்று. முறிந்த கிளையில் கை மொத்தத்துக்கு நாலு போத்து வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பி, மேட்டில் நட்டோம். மூன்று பிழைத்தது. அதன் காயைத்தான் இன்றைக்கும் சாம்பாரில் போடுகிறேன். இதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவரையே கேளுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. பள்ளித் தோட்டத்தில் நான் வைத்த வெண்டையில் இலை மஞ்சள் வலை மாதிரி ஆகிவிட்டது. என்ன மருந்து அடிக்க வேண்டும்?
– ஒரு மாணவி, ஒரத்தநாடு

பதில்: தங்கம், அது நரம்புத் தேமல். வைரஸ் நோய். வெள்ளை ஈ ஒரு செடியில் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்காரும்போது கொண்டுபோய் விடுகிறது. வந்த செடிக்கு மருந்து இல்லை. காய் இருந்தாலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தச் செடியை இன்றைக்கே பிடுங்கிப் புதைத்துவிடு, மற்ற பிள்ளைகளின் செடியாவது தப்பிக்கும். அதில் இருக்கிற காயைச் சமைத்துச் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது, கொஞ்சம் நாராக இருக்கும். அடுத்த முறை உன் ஆசிரியரிடம் சொல்லி இந்த நோயைத் தாங்குகிற வெண்டை ரகத்தின் விதை கேள். பிடுங்கின இடத்தில் உடனே வெண்டை போடாமல் கொத்தவரை போடு. முளைத்ததும் எத்தனை இலை விட்டது என்று எனக்கு எழுது.