தேதி இல்லாத பதிவுகளைக் கடைசியில் வைப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆண்ட்ராய்டில் ஒரு பணிப்பட்டியல் செயலி எழுதி வருகிறேன். கெடு தேதிப்படி ஏறுவரிசையில் அடுக்கினால், தேதியே குறிக்காத பணிகள் முதலில் வந்து நிற்கின்றன. ஏன்?

பதில்: செயலிக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம், நல் என்னும் இன்மைக் குறியை மற்ற எல்லா மதிப்புகளையும் விடச் சிறியதாகக் கொள்கிறது, எனவே ஏறுவரிசையில் அது முதலிலும் இறங்குவரிசையில் கடைசியிலும் வரும். சர்வரில் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதற்கு நேர்மாறானது என்பதால், சர்வரில் சரியாக வந்த பட்டியல் கைபேசியில் மாறித் தெரிவதும் உண்டு. 'நல்ஸ் லாஸ்ட்' (இன்மைகள் கடைசியில்) என்று வினவலிலேயே, அதாவது தரவைக் கேட்கும் கட்டளையிலேயே, சொல்லும் வசதி எஸ்க்யூலைட்டின் 3.30 பதிப்பில், 2019இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 11இல் இருப்பதோ 3.28. ஆகவே அதை நம்பி எழுதிய வினவல் உங்கள் புதிய கைபேசியில் ஓடும், பயனரின் பழைய கைபேசியில் தொடரியல் பிழை காட்டி நின்றுவிடும்.

எல்லாப் பதிப்புகளுக்கும் பொருந்தும் வழி, வினவலில் வரிசையைக் குறிக்கும் 'ஆர்டர் பை' பகுதியில் முதலில் 'தேதி இஸ் நல்' (தேதி இன்மையா?) என்ற நிபந்தனையையும் அதன்பின் தேதியையும் தருவதாகும். தேதி உள்ள பதிவுக்கு அந்த நிபந்தனை 0 என்றும் இல்லாததற்கு 1 என்றும் விடை தருவதால், இல்லாதவை தாமாகவே பின்னே போகும். மூன்றாவதாகப் பதிவெண்ணையும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் தேதியற்ற பதிவுகள் தமக்குள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதி இருக்காது.

கேள்வி: அதற்குப் பதில் 31-12-9999 என்று ஒரு தேதியை இட்டு நிரப்பினால் எளிதல்லவா?

பதில்: வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். தேதி தெரியாது என்பதும், தேதி வெகுதொலைவில் இருக்கிறது என்பதும் இருவேறு செய்திகள். பொய்த் தேதி அந்த ஒரு பட்டியலோடு நிற்பதில்லை. நினைவூட்டலிலும் ஏற்றுமதிக் கோப்பிலும் 'இன்னும் எத்தனை நாள்' என்ற கணக்கிலும் அது நுழையும், பின்னால் வரும் நிரலர் அதை உண்மையென்றே நம்புவார். 0 இட்டு வைப்பதும் இதே தவறுதான். கணினி நேரக் கணக்கு 1970 ஜனவரி 1இல் தொடங்குவதால், திரையில் அந்தத் தேதி தோன்றும் மர்மம் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது. தரவில் இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும். அதை எங்கே காட்டுவது என்பதை வரிசைப்படுத்தும் விதி முடிவு செய்யட்டும்.

கேள்வி: 'இஸ் நல்' சேர்த்த பிறகும் தேதியில்லாத சில பதிவுகள் மேலேயே இருக்கின்றன.

பதில்: அவற்றில் நல்லுக்குப் பதிலாக வெற்றுச் சரம், அதாவது எழுத்தே இல்லாத உரை, பதிந்திருக்கக்கூடும். படிவத்தில் பயனர் ஒன்றும் எழுதாமல் விட்டதை அப்படியே சேமித்தால் இது நேரும். பழைய பதிவுகளை, வெற்றுச் சரத்தை நல்லாக மாற்றித் தரும் 'நல்இஃப்' கொண்டு ஒருமுறை திருத்திவிட்டு, சேமிக்கும் இடத்திலும் அதே திருத்தத்தைச் செய்யுங்கள். தேதியைச் சரமாக வைப்பதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையிலேயே வையுங்கள். நாளை முன்னால் வைத்தால், எழுத்துவரிசை காலவரிசையாக அமையாது.

கேள்வி: காட்லின் நிரல்மொழியில் இன்மையைக் கடைசியில் வைக்கும் 'நல்ஸ்லாஸ்ட்' பயன்படுத்தி, புதியவை முதலில் வர, வரிசையைத் திருப்பும் 'ரிவர்ஸ்ட்' சேர்த்தேன். தேதியற்றவை மேலே ஏறிவிட்டன.

பதில்: முழு ஒப்பீட்டையும் திருப்பியதால் இன்மையின் இடமும் சேர்ந்து திரும்பிவிட்டது. 'ரிவர்ஸ்ஆர்டர்' என்பதை 'நல்ஸ்லாஸ்ட்'டின் அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். தேதிகள் மட்டும் திரும்பும்.

கேள்வி: ஃபயர்ஸ்டோர் என்னும் இணையத் தரவுத்தளத்தில் தேதியற்ற பதிவுகள் பட்டியலிலேயே வருவதில்லை.

பதில்: 'ஆர்டர்பை'யில் குறித்த புலம் இல்லாத ஆவணங்களை ஃபயர்ஸ்டோர் விட்டுவிடும். ஆகவே தேதி இல்லாதபோதும் அந்தப் புலத்தில் நல் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஏறுவரிசையில் நல் முதலில்தான் வரும் என்பதால், தேதி உள்ளவற்றை ஒரு வினவலிலும், நல் உள்ளவற்றை இன்னொன்றிலும் பெற்று, இரண்டாவதை முதலாவதன் பின் இணைத்துக் காட்டுங்கள்.