கண் திறந்திருக்கிறான், கூப்பிட்டால் திரும்பவில்லை: நிலத்தை விற்கலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தம்பிக்கு 26 வயது, மாங்காய் மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் விபத்து, தலையில் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். கண் திறக்கிறார், தூங்குகிறார், மற்றபடி அசைவு இல்லை. மூக்கில் சாப்பாட்டுக் குழாய். பெங்களூரில் "கோமா பேக்கேஜ்", ஸ்டெம் செல் ஊசியோடு 6 லட்சம் என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். ஒன்றரை ஏக்கரை விற்கலாமா என்பது கேள்வி. தம்பி வளர்த்த எருதுவிடும் விழாக் காளையைக் காட்டினால் நினைவு வருமா என்று அம்மா கேட்கிறாராம்.

நிலத்தை விற்காதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

தலைக்காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் இது ஆராய்ச்சியாக மட்டும்தான் நடக்கலாம், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஆக, காசு கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இந்த ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஐசியூ வாசலில் டீ வாங்கிக் கொடுத்துப் பழகுவார், "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்" என்பார், ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன். இனி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் தம்பிக்கென்று தனியாக என்ன செய்வீர்கள்? பத்து மணிக்குப் பாட்டு, பதினொரு மணிக்குக் கண்ணில் டார்ச், பன்னிரண்டுக்குக் கால் அசைத்தல் என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணையை ஒப்பித்தால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது வேறு. உங்கள் தம்பி உண்மையிலேயே ஒன்றும் உணராமல் இருக்கிறாரா? பெல்ஜியத்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், "சுயநினைவே இல்லை" என்று டாக்டர்கள் முடிவு செய்த 44 பேரை அதற்கென்றே உள்ள அளவுகோலை வைத்து மறுபடி சோதித்தார்கள். 18 பேருக்கு லேசான உணர்வு இருந்தது. நம் ஊரில் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு நிமிடம் நெஞ்சில் அழுத்திப் பார்த்து எழுதிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் சோதனை. உணர்வு ஏறி இறங்கும், காலையில் செய்தது மாலையில் வராது. அதனால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது, வேறு வேறு நேரத்தில் பார்க்க வேண்டும்.

இதில் கொஞ்சம் நீங்களே செய்யலாம். தலைப்பக்கம் உயர்த்தி நன்றாகச் சாய்த்து உட்கார வையுங்கள், படுத்திருப்பதைவிட விழிப்பு கூடும். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே அரை அடிக்கும் குறைவான தூரத்தில் பிடித்து, மெதுவாக வலம், இடம், மேல், கீழ் நகர்த்துங்கள். பேனாவைத் தொடராத கண் தன் முகத்தைத் தொடர்வது உண்டு. அடுத்து, காளையின் சலங்கை வீட்டில் இருக்குமே, அதை அவர் கண்ணில் படாமல் ஒரு காதுப் பக்கம் ஆட்டுங்கள், பிறகு மறு காது. தலையோ கண்ணோ அந்தப் பக்கம் போகிறதா? அப்புறம் "கட்டை விரலைத் தூக்கு" என்று ஒரே ஒருவர் சொல்லி, பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நாலு முறை. தேதி, நேரம், என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று நோட்டில் எழுதுங்கள், போனில் வீடியோவும் எடுங்கள். உள்ளங்கையில் விரல் வைத்தால் பிடிப்பது, கொட்டாவி, முனகல், இதெல்லாம் கணக்கில் வராது. அம்மாக்கள் இதைத்தான் முதலில் நம்புவார்கள்.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன விஷயம் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிறைய வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். தளி பக்கத்து ஆள் ஒருவரிடம் மூன்று வாரமாகத் தமிழில் "நாக்கை நீட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தோம், நானும்தான். பார்க்க வந்த அக்கா தெலுங்கில் "நாக்கை நீட்டுடா" என்று அதட்டினார், நீட்டினார். தெரிந்த மொழியே ஆனாலும் அடிபட்ட மூளைக்குப் பிந்திக் கற்ற மொழி கைகொடுக்காமல் போகலாம். தமிழ் வீடாக இருந்தாலும் ஆதார் பெயரில் கூப்பிடாதீர்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டும். காதெலும்பு உடைந்து செவி போயிருந்தால் எந்த மொழியும் உதவாது, அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முன்பு மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

நோட்டோடு நரம்பியல் டாக்டரிடம் போய் மூன்றைக் கேளுங்கள். வலிப்பு மாத்திரை, கைகால் விறைப்புக்கான மாத்திரையால் மந்தமாக இருக்கிறாரா, மாற்ற முடியுமா? மூளையில் நீர் கோத்திருக்கிறதா? அமன்டடின் கொடுக்கலாமா? இந்த மாத்திரையை 2012இல் 184 பேருக்குச் சோதித்ததில், நாலு வார காலத்தில் தேறும் வேகம் கூடியது. விபத்தாகி 4 முதல் 16 வாரம் ஆனவர்கள் அவர்கள், நீங்கள் அந்தக் காலத்தின் ஓரத்தில் இருக்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்த மாத்திரையால் வலிப்பு வரக்கூடும், அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்க வேண்டாம். விபத்துக் காயத்தில் ஒரு வருடம் வரைக்கும், சிலருக்கு அதைத் தாண்டியும் முன்னேற்றம் வரும்.

நாள் முழுக்க டிவி ஓடவிடுவது, பத்துப் பேர் சுற்றி நின்று கத்துவது, இரண்டும் வேண்டாம். வாயில் ஒரு உருண்டை களி, ஒரு மடக்கு கூழ் என்று வைத்துவிடாதீர்கள். நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. வாசனை காட்டலாம்.

ஆபரேஷனுக்குக் காப்பீடு, முதல் 48 மணி நேரத்துக்கு அரசுத் திட்டம், சரி, அதற்குப் பிறகு வரும் நாலாவது மாதத்துக்கு யார்? டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிசியோ தொடரவும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று எழுத ஒருவருக்கும் கை வராது. வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிசியோவும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கு வர வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் எழுதிவைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். பெங்களூரில் உள்ள நிம்மான்ஸ் என்ற அரசு மூளை, நரம்பு மருத்துவமனைக்குப் போகவும் அங்கேயே ஒரு கடிதம் கேளுங்கள், தரகர் இல்லாமல் போகலாம். விபத்து இழப்பீட்டுக்கு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க வருபவரையும் நம்பாதீர்கள். இழப்பீட்டு மனு கொடுக்கச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டுப் பாருங்கள்.

காளை? கொண்டு வாருங்கள். காலையில், குளிப்பாட்டி முடித்துக் களைப்பு இறங்கின பிறகு, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி. கயிறு பிடிக்க இரண்டு பேர் வெளியே நிற்கட்டும், உள்ளே நீங்களும் அம்மாவும் போதும். யாரும் பேச வேண்டாம். போனை காளை பக்கம் திருப்பிவிடாதீர்கள், தம்பியின் கண்ணைப் படம் பிடியுங்கள்.