வசதியில்லாத கர்ப்பிணிகளை மரியாதையாகக் கவனிக்க நர்சிங் மாணவிகளை எப்படித் தயார்படுத்துவது?

நர்சிங் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் இரக்கத்தைப் பற்றி வகுப்பெடுப்பதை நிறுத்துங்கள். இரக்கம் வேறு, மரியாதை வேறு. "பாவம், ஏழை" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே அந்தப் பெண்ணை ஒருமையில் அதட்டுபவர்கள் ஏராளம். பிபி பார்க்கக் கற்றுக்கொடுப்பது போல இதையும் படிப்படியாகச் செய்யவைத்து, செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போட வேண்டும்.

உள்பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் பிறப்புறுப்பு வழியாக விரல் விட்டுக் கருப்பை வாயைப் பார்ப்பது. கையுறையைத் தொடுவதற்கு முன் மாணவி திரையை இழுத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லி, எதற்காகப் பார்க்கிறோம், வலித்தால் சொல்லுங்கள் நிறுத்திவிடுகிறேன் என்றெல்லாம் சொல்லி, அந்தப் பெண் சரி என்ற பிறகுதான் போர்வையை விலக்க வேண்டும், அதுவும் தேவையான அளவுக்கு. கருப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது என்பதை கேஸ் ஷீட்டில் எழுதும் முன் அவரிடம் சொல்ல வேண்டும். சிக்கலில்லாத பிரசவத்தில் வலி தீவிரமான பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனாலும் கற்றுக்கொள்ள வாய்ப்பு என்று சொல்லி ஒரே பெண்ணை மாணவிகள் வரிசையாகப் பார்ப்பது நடக்கிறது. யாருக்கு நடக்கிறது? ஏன் என்று கேட்க ஆளில்லாதவருக்குத்தான்.

அடுத்தது பேச்சு. "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், அதோடு முடிந்தது. "இங்க வர்றதுக்கு எது சிரமமா இருந்துச்சு?" என்று கேட்டால்தான் கூலி போய்விடும், மூத்த குழந்தையை விட்டுவர இடமில்லை, போன முறை திட்டு வாங்கினேன் என்று விஷயம் வெளியே வரும். கர்ப்ப காலத்தில் 8 முறையாவது வரச் சொல்கிறோம், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி போகும் பெண்ணுக்கு ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரே நாளில் முடித்துத் தர முயல்வதும் மரியாதைதான். இரும்புச்சத்து மாத்திரையை ஒருவர் நிறுத்திவிட்டால் உடனே "அலட்சியம்" என்று எழுதிவிடுகிறார்கள். மலச்சிக்கலோ குமட்டலோ, மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்த பயமோ காரணமாக இருக்கலாம், கேட்டால்தானே தெரியும்.

2010-இல் டயானா பவுசர், கேத்லீன் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரசவ கால அவமரியாதையை 7 வகையாகப் பிரித்தார்கள். அடிப்பது, திட்டுவதையெல்லாம் மாணவிகளே சொல்லிவிடுவார்கள். சம்மதம் கேட்காமல் செய்வது, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி நோய் விவரம் பேசுவது, தனியாக விட்டுவிட்டுப் போவது, பணம் கட்டவில்லை என்று வெளியே விடாமல் வைத்திருப்பது, இவையும் அந்தப் பட்டியலில் உண்டு என்றால்தான் முழிப்பார்கள்.

சரி, வகுப்பில் எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும் லேபர் வார்டில் சீனியர் கத்தினால் மாணவியும் அதைத்தான் பழகுவாள். ஆள் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருக்கும் சீனியரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை, மாணவி அவரை எதிர்த்துப் பேசவும் முடியாது. ஆனால் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்று, இப்போது என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லலாம், அவர் கேட்கும் துணையை உள்ளே அனுமதிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். டியூட்டி முடிந்து வந்ததும் பார்த்ததைப் பயமில்லாமல் சொல்ல ஒரு ஆசிரியை இருக்க வேண்டும். அந்த ஆசிரியையே மாணவிகளை எல்லார் முன்னாலும் திட்டுபவராக இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.