சாப்ளினும் ஃபெலிக்ஸ் பூனையும்

கேள்வி: பேசாப்படக் காலத்துக் கார்ட்டூன் பூனையான ஃபெலிக்ஸ், சார்லி சாப்ளினின் நகல்தான் என்கிறார்களே, அது சரியா? – வாசகர், கும்பகோணம்

பதில்: உறவு உண்மை, நகல் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1919இல் திரைக்கு வந்த ஃபெலிக்ஸை உருவாக்கிய ஓட்டோ மெஸ்மர், அதற்கு முன்பு, பாட் சல்லிவனின் நியூயார்க் ஸ்டூடியோவில் சாப்ளினையே நாயகனாக்கிய கார்ட்டூன் படங்களுக்கு வரைந்தவர். அந்த வேலைக்காக சாப்ளின் தம்முடைய பலவித நிலைகளைக் காட்டும் புகைப்படங்களை அனுப்பிவைத்ததாக மெஸ்மர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நடிகரின் உடலசைவை இப்படிப் பாடமாகப் பயின்ற கைதான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து முன்னும் பின்னும் நடந்து யோசிக்கும் அந்தப் பூனையையும் வரைந்தது. 1923இல் வந்த 'ஃபெலிக்ஸ் இன் ஹாலிவுட்' படத்தில் ஃபெலிக்ஸ் தன் வாலையே கைத்தடியாக்கி சாப்ளினைப்போல நடித்துக்காட்ட, கார்ட்டூன் சாப்ளின் வந்து 'என் சரக்கைத் திருடுகிறாயா?' என்று அதட்டுகிறார். கடனை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் இருவருடைய நகைச்சுவையும் வேறுவேறு இடத்தில் பிறக்கிறது. ஃபெலிக்ஸ் கோட்டால் ஆனவன். அவனுக்கு வால் கழன்று தடியாகும், தலைக்கு மேல் எழும் கேள்விக்குறியைக்கூடப் பிடித்துக் கருவியாக்கிக்கொள்வான். பொருள் நிஜமாகவே உருமாறிவிடுவதால் நாம் வியந்து சிரிக்கிறோம். 1925இல் வெளிவந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தைப் பாருங்கள். பனிமலைக் குடிசையில் பசி தாங்காமல் சாப்ளின் தம் பூட்ஸை வேகவைத்து, தட்டில் வைத்து, மேல்தோல் தோழனுக்குப் போய்விட, கயிற்றை ஸ்பகெட்டிபோல முள்கரண்டியில் சுற்றி உண்கிறார். அடித்தோலில் இருக்கும் ஆணிகளைக் கோழி எலும்பை உறிஞ்சுவதுபோல ஒவ்வொன்றாக உறிஞ்சுகிறார். அங்கே பூட்ஸ் கடைசிவரை பூட்ஸாகவே இருக்கிறது. அதை விருந்தாக்குவது அவருடைய விரல்களின் நாகரிகம் மட்டுமே. அந்தப் பசியை நாம் மறப்பதே இல்லை என்பதால், சிரிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. ஃபெலிக்ஸுக்கும் பசிக்கும், ஆனால் எதையும் எதுவாகவும் மாற்றிக்கொள்ளக்கூடியவனுடைய பசி நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சாப்ளினை நான் மேலே வைப்பேன்.

கேள்வி: பேசும் படம் வந்தபின் இருவரும் என்ன ஆனார்கள்? – அதே வாசகர்

பதில்: சாப்ளினுக்குச் சொந்த ஸ்டூடியோவும் பணமும் இருந்தன, ஆகவே 1931இல் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வசனமின்றியே எடுத்து வெற்றிகண்டார். ஃபெலிக்ஸின் நிலை அப்படியல்ல. சல்லிவன் ஒலிக்கு மாறத் தயங்கினார். 1928இல் ஒலியோடு வந்த மிக்கி மவுஸ் ரசிகர்களை அள்ளிக்கொண்டது. அந்தப் பூனையின் படங்களில் சல்லிவனின் பெயரே இருந்ததால், மெஸ்மரின் பங்கு பரவலாகத் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின.