சந்தா ஓடுகிறது, கதை ஓடவில்லையே? ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்: கேள்வி-பதில்

(ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நெட்ஃபிளிக்ஸில் வரும் அமெரிக்கத் திகில் தொடர். முதல் இரண்டு பதில்களில் 2, 3, 4-ஆம் சீசன்களின் கதையும் 5-இல் ஒரு துளியும் வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் மூன்றாம் கேள்விக்குத் தாவிவிடலாம்.)

கேள்வி: ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் 4-ஆம் சீசனில் நான்கு எபிசோடு முடித்துவிட்டேன். ஹாக்கின்ஸ் ஊரில் நடப்பது பிரமாதம். ரஷ்யச் சிறை வந்தாலே கை தானாக போனைத் தேடுகிறது. ரஷ்யாவையும் கலிஃபோர்னியாவையும் ஓட்டிவிட்டுப் பார்த்தால் கதை புரியுமா? ஒரு மாதச் சந்தா முடிவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவைப் பாதி ஓட்டலாம். ரஷ்யாவை இடையில் மட்டும் ஓட்டலாம். மனச்சக்தி கொண்ட சிறுமி எலெவன் நெவாடா பாலைவனத்து ஆய்வகத்துக்குப் போகும் பகுதியை மட்டும் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். இந்த சீசனின் வில்லன் வெக்னா யார் என்ற முடிச்சு 7-ஆம் எபிசோடில் அவிழ்கிறது. அதற்கான நூல் 5-ஆம் எபிசோடிலிருந்தே அந்தத் தண்ணீர்த் தொட்டிக் காட்சிகளில்தான் திரிக்கப்படுகிறது.

ரசிகர்கள் இந்த சீசனைப் பற்றிச் சண்டை போடும்போது "கிளைக்கதை அதிகம்" என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எண்ணிக்கை மேல் பழி போடுவது சரியில்லை. 3-ஆம் சீசனிலும் நான்கு அணிகள்தான். ஸ்டீவ், டஸ்டின், ராபின் மூவரும் ரஷ்ய ஒலிபரப்பை உடைத்துப் படித்தார்கள். வில்லின் அம்மா ஜாய்ஸும் போலீஸ் தலைவர் ஹாப்பரும் காந்தம் ஏன் வலுவிழக்கிறது என்று அலைந்தார்கள். நான்சியும் ஜோனதனும் எலிகளின் பின்னால் போனார்கள். சிறுசுகள் அரக்கன் பிடியில் சிக்கிய பில்லியைக் கவனித்தார்கள். ஒவ்வோர் அணியிடமும் மற்ற அணிக்குத் தேவையான ஒரு துண்டு இருந்தது, எல்லாத் துண்டும் கடைசியில் ஹாக்கின்ஸ் ஊர் மாலுக்குள் வந்து சேர்ந்தது. அதனால் எந்தப் பக்கம் வெட்டினாலும் கதை நகர்ந்தது.

4-ஆம் சீசனில் கம்சட்கா சிறைக்கும் மற்ற மூன்று இடங்களுக்கும் நடுவே 8-ஆம் எபிசோடு வரை ஒரு தகவல்கூடப் பரிமாறப்படுவதில்லை. அங்கே உள்ள கேள்வி ஒன்றே ஒன்று: ஹாப்பர் வெளியே வருவாரா? முதல் எபிசோடில் ஜாய்ஸுக்குப் பொம்மைக்குள் சீட்டு வருகிறது, இரண்டாவதில் 40,000 டாலர் கேட்கிறார்கள், நான்காவதில் கடத்தல்காரன் யூரி காபியில் மயக்க மருந்து கலந்து காட்டிக்கொடுக்கிறான், தப்பிய ஹாப்பரும் மறுபடி பிடிபடுகிறார். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பார்த்த பிறகு அவர் திரும்பவும் சிறைக்குள். அதே 4-ஆம் எபிசோடில்தான் கல்லறையில் மேக்ஸ் வெக்னாவிடமிருந்து தப்பிக்கும் காட்சி, சீசனின் உச்சம் என்று பலரும் சொல்வது. அந்தப் படபடப்பு அடங்குவதற்குள் 5-இல் ஜாய்ஸோடு போன மர்ரேயும் யூரியும் பனிக்காட்டில் அலைவதைப் பார்க்கச் சொன்னால் ஜவ்வு மாதிரி இழுக்கத்தான் செய்யும். இழுவை அந்தக் கதையில் பாதி, அது வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் பாதி.

இனி எதை ஓட்டலாம் என்று பார்ப்போம்.

5-ஆம் எபிசோடில் யூரியின் விமானச் சண்டையும் அதற்குப் பிந்திய பனி நடையும் போனால் நஷ்டமில்லை. ஆனால் சிறையில் ஹாப்பர் தன் மகளைப் பற்றிச் சிறைக் காவலராக இருந்த டிமிட்ரியிடம் பேசும் இடத்தை விட்டுவிடாதீர்கள். 3-ஆம் சீசனில் சும்மா கத்திக்கொண்டே இருந்தவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு அங்கேதான் பதில். 6-இல் மர்ரே யூரி வேடம் போடுவது சிரிப்புக்காக, விருப்பம் போல். 7-இல் டெமோகோர்கன் என்ற ஜந்துவோடு சிறைக் களத்தில் நடக்கும் சண்டையை முழுதாகப் பாருங்கள். 8, 9-இல் அவர்கள் வீடு திரும்பாமல் மறுபடி அதே சிறைக்குப் போவது ஏன் என்பது, அந்த ஜந்துக்கள் எல்லாம் ஒரே மனத்தோடு கட்டப்பட்டவை என்ற செய்தி தெரிந்தால்தான் பிடிபடும்.

கலிஃபோர்னியா வேன் கும்பலில் (மைக், வில், ஜோனதன், வேன் ஓட்டும் ஆர்கைல்) 4-ஆம் எபிசோடு வீட்டுத் துப்பாக்கிச் சண்டை, 6-இல் டஸ்டினின் காதலி சூசி வீட்டுக் கணினிக் காட்சியின் கடைசிப் பகுதி, 8-இல் வேனுக்குள் வில் தன் ஓவியத்தைக் காட்டிப் பேசுவது, இவை போதும். வில் பேச்சை ஓட்டினால் 9-இல் மைக் எலெவனிடம் பேசுவது வெறும் வசனமாகத் தெரியும். நடுவில் பாலைவனத்தில் குழி தோண்டுவது, பீட்சா பேச்சு எல்லாம் ஆர்கைலைப் பிடித்தவர்களுக்கு மட்டும்.

முழுதாகத் தாண்ட மனசில்லை என்றால் வேகத்தைக் கூட்டுங்கள். போனிலும் கணினி உலாவியிலும் நெட்ஃபிளிக்ஸ் 0.5 முதல் 1.5 மடங்கு வரை விடுகிறது. ரஷ்யப் பகுதிக்கு 1.25 போதும், 20 நிமிடம் 16 நிமிடமாகும். 1.5 வைத்தால் சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும், ரஷ்ய வசனம் நிறைய உள்ள இடத்தில் அது பெரிய தொல்லை. மேக்ஸ் கல்லறைக் காட்சிக்கும் எடி கிடார் வாசிக்கும் இடத்துக்கும் 1-க்கே திரும்பிவிடுங்கள். இசை ஓடும் காட்சியை வேகமாகப் பார்ப்பது காபியை ஆறவைத்துக் குடிப்பது போல.

நேரக் கணக்கு: மொத்தம் 9 எபிசோடு, சுமார் 13 மணி நேரம். முதல் ஆறும் தலா ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி சொச்சம். 7-ஆவது ஏறக்குறைய ஒரு மணி 40 நிமிடம், 8-ஆவது ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு, 9-ஆவது சுமார் 2 மணி 20 நிமிடம். 1-2, 3-4, 5-6, பிறகு 7 தனி, 8 தனி, 9 தனி என்று பிரித்தால் ஆறு இரவில் முடியும். 4-ஐயும் 5-ஐயும் ஒரே இரவில் ஒட்டிப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன சரிவு அங்கேதான் உறைக்கும்.

கேள்வி: 2-ஆம் சீசனின் 7-ஆம் எபிசோடை எல்லோரும் "தாண்டிவிடு" என்கிறார்கள். தாண்டலாமா? அல்லது வரிசை மாற்றிப் பார்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். அந்த எபிசோடு முழுக்க எலெவன் சிகாகோவில் கலி என்ற பெண்ணோடு இருக்கிறாள், ஹாக்கின்ஸ் ஆட்கள் அநேகமாக இல்லை. கோபத்துக்குக் காரணம் அது மட்டுமில்லை. 6-ஆம் எபிசோடு முடியும்போது ஆய்வகத்துக்குள் ஜந்துக்கள் பாய்ந்துவிட்டன. அடுத்து என்ன என்று நுனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை வேறு ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

5-க்கும் 6-க்கும் நடுவே இதைச் செருகிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை ரசிகர்களிடம் உண்டு. எலெவனுக்குக் கலியைப் பற்றித் தெரிவது 5-இல்தான் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், 7-இன் கடைசிப் பகுதியில் எலெவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மைக்கையும் ஹாப்பரையும் தேடும்போது தெரிவது 6-இல் நடந்து முடிந்த ஆபத்து. முன்னால் கொண்டுவந்தால் 6-இன் பயம் புஸ்ஸென்று போய்விடும். எளிய வழி: 6-ஓடு அன்றைய இரவை முடித்துவிடுங்கள். மறுநாள் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துப் பாருங்கள், முந்தின நாள் பதற்றம் தணிந்திருப்பதால் சிகாகோ உறுத்தாது. தவிர, கலி 5-ஆம் சீசனில் திரும்ப வருகிறாள். அப்போது "இது யார்?" என்று கேட்டுக்கொண்டு உட்காரக் கூடாது இல்லையா.

கேள்வி: சீசனை இரண்டு மூன்று பாகமாக உடைத்து வெளியிடுகிறார்களே, அதில் நமக்கு நஷ்டமா?

வெளியான அன்றே பார்ப்பவருக்கு நஷ்டம், பொறுத்திருப்பவருக்கு இல்லை. 4-ஆம் சீசனின் முதல் 7 எபிசோடு 2022 மே 27-இல் வந்தது, மீதி இரண்டு ஜூலை 1-இல். மே 27 அன்று சந்தா தொடங்கியவரின் முதல் மாதம் ஜூன் 26-ஓடு முடிந்தது. இரண்டே எபிசோடுக்கு இரண்டாம் மாதப் பணம்.

5-ஆம் சீசனில் கணக்கு இன்னும் கூர்மை. இந்திய நேரப்படி 2025 நவம்பர் 27 காலை 6.30-க்கு நான்கு எபிசோடு, டிசம்பர் 26 காலை மூன்று, 2026 ஜனவரி 1 காலை கடைசி ஒன்று. நவம்பர் 27-இல் பணம் கட்டியவருக்கு அடுத்த கட்டணம் டிசம்பர் 27. அதாவது முதல் மாதத்தின் கடைசி நாளில் இரண்டாம் பாகம் கைக்கு வந்துவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் ஓடும் ஒரே எபிசோடுக்காக இன்னொரு மாதம். புத்தாண்டு வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் ஒரே மாதச் சந்தாவில் முழு சீசனையும் பார்த்திருப்பார். அந்த ஐந்து வாரமும் யாரும் கதையை உடைத்துச் சொல்லாமல் தப்பித்தாரா என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு எல்லா சீசனும் முழுதாக இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. சந்தா எடுத்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம், அடுத்த மாதம் தானாகப் பணம் போகாது. பார்த்த விவரமும் புரொஃபைலும் 10 மாதம் அழியாமல் இருக்கும், அதற்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரீசார்ஜோடு சேர்ந்து வந்த நெட்ஃபிளிக்ஸ் என்றால் ரத்து செய்வது அந்த போன் நிறுவனத்தின் வழியாகத்தான்.

கேள்வி: 149 ரூபாய் மொபைல் திட்டம் போதுமா? இருட்டுக் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்கிறார்களே?

தெரியும். இந்தத் தொடரின் நிறையக் காட்சிகள் சாம்பலும் புகையும் நிறைந்த தலைகீழ் உலகத்தில் நடக்கின்றன. மொபைல் திட்டத்தில் படத் தெளிவின் உச்சம் 480பி. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய சாயல்களைக் குறைந்த தரவில் அடக்கும்போதுதான் அந்தக் கட்டங்கள் எழுகின்றன. ஆறு அங்குல போனில் பொறுத்துக்கொள்ளலாம். அதை டிவிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம், இந்தத் திட்டத்தில் டிவி கிடையாது.

2021 டிசம்பரில் விலை குறைத்த பிறகு உள்ள வரிசை: மொபைல் 149, பேசிக் 199 (720பி, ஒரு திரை, டிவியிலும் ஓடும்), ஸ்டாண்டர்ட் 499 (1080பி, இரண்டு திரை), பிரீமியம் 649 (4கே எச்.டி.ஆர்., நான்கு திரை). பணம் கட்டும் நாளில் கணக்குப் பக்கத்தில் விலையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 32 அங்குல டிவிக்கு 199 போதும். 43-க்கு மேல், அதுவும் 4கே டிவி என்றால், இந்த ஒரு தொடருக்காக ஒரு மாதம் 649 கொடுப்பது வீணில்லை. எச்.டி.ஆர். வந்தால் இருட்டுக்குள் என்ன அசைகிறது என்பது தெரியும். நடுவில் உள்ள 499 ஒரு வீட்டில் இரண்டு பேர் வேறு வேறு பார்ப்பவர்களுக்குத்தான்.

மாதத்தின் நடுவில் பெரிய திட்டத்துக்கு மாறினால் உடனே அமலாகும், ஆனால் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏற்ப அடுத்த கட்டணத் தேதி முன்னால் வந்துவிடலாம். சின்ன திட்டத்துக்கு இறங்கினால் அடுத்த கட்டணத் தேதியில்தான் மாறும்.

டேட்டா: எச்.டி.-யில் மணிக்கு 3 ஜி.பி. வரை, 4கே-யில் 7 ஜி.பி. வரை போகும். 4-ஆம் சீசன் முழுவதும் எச்.டி.-யில் கிட்டத்தட்ட 39 ஜி.பி. தினம் 1.5 ஜி.பி. ரீசார்ஜ் அரை மணியில் காலி. போனில் "சேவ் டேட்டா" வைத்தால் 1 ஜி.பி.-க்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும், முழு சீசனும் இரண்டேகால் ஜி.பி.-க்குள் அடங்கும். படம் அதற்கேற்ற மாதிரிதான்.

டிவியின் பட அமைப்பில் "விவிட்", "டைனமிக்" எதுவும் வேண்டாம். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சல் குறைப்பு, ஓர விளிம்பு கூட்டுவது எல்லாவற்றையும் அணைத்து "ஃபிலிம்மேக்கர்" அல்லது "சினிமா" வையுங்கள். 5-ஆம் சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்களில் ரோஸ் டஃபரே இதே மாதிரி வேண்டுகோள் வைத்தார். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். பளபளக்கும் டிவிக்கு எதிரே டியூப்லைட் எரிந்தால் 649 திட்டமும் 149 மாதிரிதான்.

கேள்வி: பாட்டியோடு பார்க்கத் தமிழ் ஒலி வேண்டும். பட்டியலில் தமிழே காணோம்.

நெட்ஃபிளிக்ஸ் எல்லா மொழியையும் ஒரே நேரத்தில் காட்டாது, உங்கள் புரொஃபைல் மொழிக்கு ஏற்பச் சிலவற்றைத்தான் காட்டும். உலாவியில் கணக்குப் பக்கம் திறந்து, பாட்டி பார்க்கும் புரொஃபைலைத் தேர்ந்து, மொழிகள் பகுதியில் படங்களுக்கும் தொடர்களுக்குமான பட்டியலில் தமிழை டிக் செய்து சேமியுங்கள். டிவி ஆப்பை மூடித் திறந்தால் ஒலிப் பட்டியலில் தமிழ் வரும். அந்த டிக் போட்ட புரொஃபைலில்தான் பார்க்க வேண்டும், பக்கத்துப் புரொஃபைலுக்கு அது ஒட்டாது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ப்ளூ-ரே டிஸ்க் வாங்கலாமா?

அமெரிக்காவில் 1, 2 சீசன்கள் பழைய வீடியோ கேசட் உறை மாதிரியான பெட்டியில் ப்ளூ-ரேயாக விற்றன. பெட்டி அழகுதான். ஆனால் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்குகளை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்க ப்ளூ-ரே மண்டலம் ஏ, இந்தியா மண்டலம் சி. டிவிடியில் அங்கே 1, இங்கே 5. மண்டலப் பூட்டு உள்ள டிஸ்க்கை இங்கே வாங்கிய சாதாரண பிளேயர் ஏற்காது. வாங்கும் முன் பிளேயரின் பின்புறத்திலோ கையேட்டிலோ எந்த எழுத்து என்று பாருங்கள். 4கே யு.எச்.டி. டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, அதற்கு யு.எச்.டி. பிளேயர் வேண்டும். "ஐந்து சீசனும் ஒரே டிவிடி பாக்ஸில், 600 ரூபாய்" என்று விளம்பரம் வந்தால் அது திருட்டுப் பிரதி. வந்த பிறகு பின்னட்டையின் எழுத்துப் பிழையைப் பார்த்து வருத்தப்படுவதைவிட, அதே பணத்தில் மூன்று மாதம் பேசிக் சந்தா கட்டலாம்.