சாம்பாரில் கலக்கும் பொடி

கேள்வி: கணவர் பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் சகோதரி. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியுமோ என்னவோ! குடியை விட டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சிலர் பொடித்தும் இப்படிக் கலக்கிறார்கள். அது உடலில் இருக்கும்போது குடித்தால், சாராயம் உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேற வழியில்லாமல் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் டாக்டர்கள் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே தருகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. இத்தனை வருடம் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பிப்பார்கள். அதைப் பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலுக்கு இழுத்துப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், அவர் வராவிட்டாலும் நீங்கள் பேசுங்கள்.